டென்னிஸ் வீரர் எல்ஸ்வொர்த் வைன்ஸ்

கல்வி கற்கும் பருவத்திலேயே விளையாட்டிலும் சிறந்து விளங்கும் இளைஞர் எக்கலாசாலையிலும் சிலர் உளர். மாலை நான்கு மணி அடித்ததும் மட்டையும் கையுமாய் மைதானம் நோக்கி விரையும் அவர்களைக் கண்டு உடன் பயில்வோர் மகிழ்வர். ஆசிரியர் பெருமிதம் கொள்வர். பெற்றோர் மட்டும் சிறிது கவலையுறுவர். இவ்விளையாட்டினால் வயிறு நிரம்புமோ என்பது அவர்தம் கவலை. கடலூரிலும் சிதம்பரத்திலும் இக்கேள்வி எழாத இல்லம் அரிது. பொழுதுபோக்காய்த் தொடங்கிய ஒரு திறமையைப் பிழைப்புக்குரிய தொழிலாய்க் கொள்ளுதல் தகுமா, தகாதா? கொண்டால் எய்துவது யாது? இழப்பது யாது? இவற்றை நூல் வழக்கால் ஆராய்வதினும், இவ்வினாக்களையெல்லாம் தம் வாழ்விலேயே எதிர்கொண்ட ஒருவரின் வரலாற்றைக் காண்பது நலமெனக் கருதி, அமெரிக்க நாட்டு டென்னிஸ் வீரர் எல்ஸ்வொர்த் வைன்ஸ் அவர்களின் சரிதையை ஈண்டுச் சுருக்கமாக வரைய முற்பட்டோம்.

இவர் உலகப் புகழின் உச்சியில் நின்ற அமெச்சூர் காலம் மூன்றே ஆண்டுகள். தொழில்முறை ஆட்டக்காரராய் விளங்கிய காலத்தையும் கூட்டினால் ஏறக்குறையப் பத்தாண்டுகளே. முப்பது வயது நிரம்புமுன் டென்னிஸ் மட்டையைக் கீழே வைத்துவிட்டார். ஆயினும் அக்குறுகிய காலத்தில் இவர் கண்ட ஏற்றமும் தாழ்வும் நீண்டகாலம் ஆடியவர் பலரும் கண்டறியாதன.

இளமையும் கல்வியும்

ஹென்றி எல்ஸ்வொர்த் வைன்ஸ் 1911-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 28-ம் தேதி கலிபோர்னியா மாகாணத்து லாஸ் ஏஞ்சலஸ் நகரில் பிறந்தார். அதனை அடுத்த பாஸடீனா என்னும் ஊரில் வளர்ந்தார். ஆறடிக்கு மேற்பட்ட உயரமும், மெலிந்த தேகமும், நீண்ட கைகால்களும் வாய்ந்தவர். நடக்கும்போது அவசரமின்றி, சோம்பல் உற்றவர்போல் தோன்றுவாராம். ஆனால் பந்து மட்டையில் படும் அக்கணத்தில் அந்தச் சோம்பல் இருந்த இடம் தெரியாமற் போய்விடும்.

பள்ளிப் பருவத்தில் கூடைப்பந்தாட்டத்திலும் இவர் வல்லவராயிருந்தார். தென் கலிபோர்னியா ஸர்வகலாசாலையில் இவர் சேர்ந்ததும் கூடைப்பந்துக்காகக் கிடைத்த உபகாரச் சம்பளத்தைக் கொண்டேயாகும். விளையாட்டில் வல்ல மாணவனுக்குக் கலாசாலையே பொருளுதவி செய்து படிக்க வைக்கும் வழக்கம் அமெரிக்காவில் அக்காலத்திலேயே வேரூன்றியிருந்தது. டென்னிஸ் கலையை இவருக்குக் கற்பித்தவர்களுள் முதன்மையானவர் மெர்ஸர் பீஸ்லி என்னும் பேராசான். இவர் சிறுவராயிருந்தபோதே இவரிடம் மறைந்து கிடந்த ஆற்றலைக் கண்டறிந்து வளர்த்தவர் அவரே.

இவர் கலாசாலை மாணவராயிருந்த காலமும், அந்நாளைய தென்னாற்காடு ஜில்லாவில் சிதம்பரத்தை அடுத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929-ல் தோன்றிய காலமும் ஏறத்தாழ ஒன்றே. அப்பல்கலைக்கழகத்தின் முதல் அணி மாணவர்களும் வைன்ஸும் ஒரே தலைமுறையினர் என்க. இவ்வாறு எண்ணிப் பார்க்கின், கடல்களுக்கு அப்பால் வாழ்ந்த இவ்விளைஞர் நமக்கு அத்துணை அந்நியரல்லர் என்பது புலனாகும்.

ஆட்டத்தின் இயல்பு

ஒருவர் ஆட்டத்தின் இயல்பை அறிய அவர் ஆடிப் பழகிய தரையை அறிதல் வேண்டும். நம் பக்கங்களில் மண்ணைக் கெட்டித்து, நீர் தெளித்து, உருளையிட்டு அமைக்கும் தரையில் பந்து வேகங்குறைந்து சிறிது நின்று எழும்பும். எனவே பொறுமையும் காலோட்டமும் உடையவனே அங்கு வெல்வான். கலிபோர்னியாவிலோ பெரும்பாலும் சிமிட்டித் தரைகளே. அவற்றில் பந்து விரைந்து, ஆனால் ஏமாற்றாமல், ஒரே சீராய் எழும்பும். ஆதலின் அங்கு வளர்ந்த இளைஞர் பந்தை எவ்வளவு வன்மையாய் அடிக்க இயலுமோ அவ்வளவு வன்மையாய் அடிக்கத் துணிந்தனர்.

வைன்ஸ் அத்துணிவின் எல்லையைத் தொட்டவர். பந்திற்குச் சுழற்சி கொடுக்காமல், தட்டையாக, வலையின் மேல்விளிம்பை உராய்வதுபோல் அடிப்பது இவர் வழக்கம். பந்து மேல்நோக்கிச் சுழலும்படி அடிப்பவர்க்கு ஒரு பாதுகாப்பு உண்டு: பந்து வலைக்கு மேலே உயரச் சென்றாலும் சுழற்சியினால் கோட்டுக்குள் இறங்கிவிடும். வைன்ஸ் அப்பாதுகாப்பை நாடவில்லை. அவருடைய அடிக்கும் பிழைக்கும் இடையே இருந்தது ஓரிரண்டு அங்குல இடைவெளியே. அந்த அங்குலங்கள் கைவசமாயிருந்த நாளில் அவரை வெல்ல உலகில் எவருமில்லை. அவை கைநழுவிய நாளிலோ பந்துகள் வலையிலும் கோட்டுக்கு வெளியிலும் வீழ, சாதாரண ஆட்டக்காரரிடமும் தோற்பார். இவருடைய ஸர்வீஸ் அடியின் வேகம் அந்நாளில் ஈடிணையற்றதென மதிக்கப்பட்டது. இவ்வியல்பை மனத்திற் கொண்டாலன்றி இவர் சரிதையின் ஏற்றத்தாழ்வுகள் விளங்கா.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு இவருடைய பதினெட்டாம் வயதிலேயே நிகழ்ந்தது. 1930-ம் ஆண்டுக் கோடையில் இவர் முதன்முறையாய் அமெரிக்காவின் கீழ்க்கரைப் பந்தயங்களில் கலந்து, பிராங்க் ஹன்டர், பிராங்க் ஷீல்ட்ஸ் முதலிய பெயர் பெற்றோரை வென்று யாவரையும் வியப்பில் ஆழ்த்தினார். பின்னர் ஸீபிரைட் என்னுமிடத்தில் சிட்னி வுட் என்பவர் இவரை எதிர்த்தார். வுட் வேகத்திற்கு வேகம் காட்டவில்லை. மெதுவான பந்துகளை மீண்டும் மீண்டும் அனுப்பி, வைன்ஸ் தாமே வேகத்தை உண்டாக்கும்படி செய்தார். வைன்ஸின் அடிகள் குறி தவறின, தோல்வியுற்றார். நேற்றுப் புகழ்ந்த பத்திரிகைகள் இன்று இவர் எதிர்காலத்தை ஐயுற்றன. பதினெட்டு வயது இளைஞனுக்கு இஃது எளிய சோதனையன்று.

இரண்டு ஆண்டுகளின் புகழ்

அடுத்த ஆண்டே இவர் மறுமொழி கூறினார். 1931 செப்டம்பரில் நியூயார்க்கை அடுத்த பாரஸ்ட் ஹில்ஸில் நடந்த அமெரிக்க தேசியப் பந்தயத்தில் அரையிறுதியாட்டத்தில் இங்கிலாந்தின் பிரெட் பெர்ரி முதல் இரண்டு ஸெட்டுகளையும் கைப்பற்றிவிட்டார். வைன்ஸ் எஞ்சிய மூன்றையும் வென்று மீண்டார். இறுதியில் ஜார்ஜ் லாட் என்பாரை 7-9, 6-3, 9-7, 7-5 என்ற கணக்கில் வென்று வாகை சூடினார். அப்போது இவருக்கு இருபது வயதும் நிரம்பவில்லை.

1932-ம் ஆண்டு இவர் முதன்முறையாக விம்பிள்டன் சென்றார். புல்தரையில் பந்து தாழ்ந்து வழுக்கிச் செல்லுமாதலின் இவருடைய தட்டையான அடிகளுக்கு அது மிகவும் இசைந்தது. அரையிறுதியில் ஆஸ்திரேலியரான ஜாக் கிராபோர்டை எளிதில் வென்ற இவர், இறுதியாட்டத்தில் இங்கிலாந்தின் பன்னி ஆஸ்டினை 6-4, 6-2, 6-0 என்று மடக்கினார். கடைசிப் புள்ளியும் எதிரியின் மட்டை தீண்டாத ஸர்வீஸினாலேயே முடிந்தது. அப்பந்து தம் வலப்பக்கம் சென்றதா, இடப்பக்கம் சென்றதா என்றே தமக்குத் தெரியவில்லையென ஆஸ்டின் பின்னாளில் கூறியதாக வழங்கும் செய்தி டென்னிஸ் உலகில் பெயர் பெற்றது.

அவ்வாண்டிலேயே பாரீஸ் நகரில் பிரான்ஸ் நாட்டை எதிர்த்து டேவிஸ் கோப்பைப் போட்டி நடந்தது. புல்லிலும் சிமிட்டியிலும் மின்னல்போல் பாய்ந்த இவர் பந்துகள் அங்கிருந்த செம்மண் தரையில் வேகங்குன்றின. முதல் நாள் பொரோத்ராவிடம் வைன்ஸ் தோற்றார். கோப்பை பிரான்ஸ் வசமே தங்கிற்று. ஆயினும் முடிவு தீர்ந்துவிட்ட பின் நடந்த கடைசி ஆட்டத்தில், முதல் இரண்டு ஸெட்டுகளையும் இழந்த நிலையிலிருந்து மீண்டு கோஷேயை வென்றார். பயனற்ற ஆட்டமென்று இவர் அதைப் புறக்கணிக்கவில்லை என்பது குறிக்கத்தக்கது. அதே கோஷேயை அவ்வாண்டு அமெரிக்கப் பந்தயத்தின் இறுதியில் 6-4, 6-4, 6-4 என்று வென்று தம் பட்டத்தைக் காத்துக்கொண்டார். அதற்கு முந்திய ஆட்டத்தில் கிளிப்போர்ட் ஸட்டர் என்பார் முதல் இரண்டு ஸெட்டுகளையும் பறித்துவிட, மொத்தம் 75 கேம்கள் ஆடியே இவர் வெல்ல நேர்ந்தது. அவ்வாண்டிலேயே இவர் மணமும் புரிந்துகொண்டார். இருபத்தோராம் வயதில் உலகின் முதல் ஆட்டக்காரர் என்னும் மதிப்பு இவருடையதாயிற்று.

1933-ம் ஆண்டின் தாழ்வு

ஏறியது இறங்குவதும் உலக இயல்பே. ஆனால் வைன்ஸின் இறக்கம் ஓராண்டிற்குள் நிகழ்ந்தது. 1933-ன் தொடக்கத்தில் ஆஸ்திரேலியா சென்றவர், அந்நாட்டுப் பந்தயத்தின் காலிறுதியில் விவியன் மக்ராத் என்னும் பதினாறு வயதுச் சிறுவனிடம் தோற்றார். இரு கைகளாலும் மட்டையைப் பிடித்து இடப்பக்க அடி அடிக்கும் முறை அச்சிறுவனுடையது. அந்நாளில் அது காணற்கரிய புதுமை.

விம்பிள்டனில் மீண்டும் இறுதிவரை வந்தார். முந்திய ஆண்டு எளிதில் வீழ்த்திய கிராபோர்டே இம்முறை எதிரி. 4-6, 11-9, 6-2, 2-6, 6-4 என்று ஐந்து ஸெட்டுகள் நீண்ட அவ்வாட்டம் விம்பிள்டனில் நடந்த தலைசிறந்த ஆட்டங்களுள் ஒன்றாக எண்ணப்படுவது. கிராபோர்டு பந்தின் வேகத்தை மாற்றி மாற்றி அனுப்பி வைன்ஸைத் தளர்வித்தார். எவருக்கும் அடங்காத ஸர்வீஸைத் தம் கருவூலமாய்க் கொண்ட வைன்ஸ், கடைசி கேமில் அந்த ஸர்வீஸையே பறிகொடுத்துப் பட்டத்தை இழந்தார்.

சில நாட்களில் டேவிஸ் கோப்பைக்காக மீண்டும் பாரீஸ். இங்கிலாந்து எதிரணி. ஆஸ்டினிடம் தோற்றபின் பெர்ரியுடன் இவர் ஆடத் தொடங்குகையில் அமெரிக்காவின் தோல்வி ஏற்கெனவே உறுதியாகிவிட்டது. ஆட்டத்தில் கணுக்கால் சுளுக்கியும் இவர் விலகவில்லை. ஐந்தாவது ஸெட்டில் எதிரி வெற்றிக்கு ஒரு புள்ளியே வேண்டிய நிலையில் வைன்ஸ் தரையில் சாய்ந்தார், தூக்கிச் செல்லப்பட்டார். நாட்டிற்கு ஒரு பயனும் இல்லாத ஆட்டத்திற்காக உடல் விழும்வரை ஆடிய இவ்விளைஞரை, தொழில்முறை ஆட்டத்தில் சேரப்போகிறார் என்ற வதந்தியை வைத்து அவ்வாண்டில் பலர் குறை கூறினர். அது முறையோ என்பதை வாசிப்போர் சிந்திப்பாராக. செப்டம்பரில் பாரஸ்ட் ஹில்ஸிலும் நான்காவது சுற்றிலேயே, உருவிற் சிறிய பிட்ஸி கிரான்ட் என்பாரிடம் நேர் ஸெட்டுகளில் தோற்றார். அடுத்த மாதமே தொழில்முறை ஆட்டக்காரராகும் ஒப்பந்தத்தை ஏற்றார். அப்போது இவருக்கு வயது இருபத்திரண்டு.

அமெச்சூர் என்னும் சுவர்

இவ்விடத்தில் அக்கால விதிகளை விளக்குதல் வேண்டும். இன்றேல் இம்முடிவின் கனம் விளங்காது. விம்பிள்டன் முதலிய பெரும் பந்தயங்களிலும் டேவிஸ் கோப்பையிலும் அமெச்சூர்கள் மட்டுமே ஆடலாம். வென்றவர்க்குக் கோப்பை உண்டு, பணமில்லை. பிரயாணச் செலவும் தங்குஞ் செலவும் மட்டும் கொடுக்கப்படும். ஒருவர் தம் ஆட்டத்திற்கென வெளிப்படையாய்ப் பணம் பெற்ற அன்றே அப்பந்தயங்களின் கதவு அவருக்கு மூடப்படும். குடும்பச் செல்வம் உடையவர்க்கு இவ்விதியால் இன்னல் இல்லை. செல்வம் இல்லாதவரோ, மைதானம் நிறையக் கூட்டத்தைச் சேர்த்துக்கொடுத்தும், அக்கூட்டம் செலுத்திய பணத்தில் ஒரு காசும் தமதென்று கொள்ளலாகாது.

அவ்வாண்டுகளோ அமெரிக்காவில் பெரும் பொருளாதார மந்தம் நிலவிய ஆண்டுகள். 1929-ல் தொடங்கிய அம்மந்தத்தால் 1933-ல் வேலை செய்யக்கூடியவர்களுள் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் வேலையற்றிருந்தனர். புதிதாய் மணம் புரிந்த இருபத்திரண்டு வயது இளைஞர், புகழையன்றி வேறு செல்வம் இல்லாதவர், அப்புகழும் அவ்வாண்டில் தேய்ந்துகொண்டிருக்கக் கண்டவர், தம் திறமைக்குரிய ஊதியத்தைத் தேடியது வியப்பன்று.

அன்றியும் அப்பாதை முற்றும் புதியதன்று. 1926-ல் பிரெஞ்சு வீராங்கனை ஸூஸான் லாங்லென் அவ்வழியே சென்றார். அமெரிக்காவின் ஒப்புயர்வற்ற வீரரெனப் போற்றப்பட்ட பில் டில்டன் 1930-ம் ஆண்டின் இறுதியில் தொழில்முறை ஆட்டத்தில் புகுந்தார். இப்போது டில்டனே வைன்ஸைத் தம் எதிரியாக அழைத்தார். ஆயினும் வைன்ஸ் விட்டுக்கொடுத்தது சிறிதன்று. லாங்லென்னும் டில்டனும் தம் வெற்றிகளை ஆண்டாண்டாய்க் குவித்தபின் சென்றவர்கள். வைன்ஸ் சென்றபோது அவருக்கு எதிரே எத்தனையோ விம்பிள்டன்கள் இருந்தன. அவை யாவும் ஒரு கையெழுத்தினால் மறைந்தன.

ஊர் ஊராய் ஆடிய வாழ்வு

1934 ஜனவரி 10-ம் தேதி நியூயார்க் நகரத்து மாடிஸன் ஸ்குயர் கார்டன் என்னும் பேரரங்கில் 14,000-க்கு மேற்பட்ட மக்கள் கூடியிருக்க, நாற்பது வயது கடந்த டில்டனும் இருபத்திரண்டு வயது வைன்ஸும் எதிர் நின்றனர். இளமையே வெல்லும் என்று எண்ணியவர் ஏமாந்தனர். டில்டன் 8-6, 6-3, 6-2 என வென்றார். ஆனால் அஃது ஓரிரவின் கதையே. அதன்பின் நாடெங்கும் நடந்த ஆட்டங்களில் வைன்ஸே மிகுதியும் வென்று, சுற்றுப்பயணத்தின் மொத்தக் கணக்கில் டில்டனை மிஞ்சினார்.

தொழில்முறை ஆட்டம் என்பது அந்நாளில் எத்தகையது என்பதைச் சிறிது கூறுவோம். கடலூர் முதுநகரில் இரயிலேறிச் சிதம்பரம் சென்று கலாசாலைகளுக்கிடையிலான பந்தயம் ஆடித் திரும்புவதே நம் மாணவர்க்கு ஒரு பெரும் பிரயாணம். அவ்வொரு நாள் அலுப்பையே மறுநாள் வகுப்பில் கண்டுகொள்ளலாம். வைன்ஸும் அவர் தோழரும் ஓரிரவு ஓர் ஊரில் ஆடி, அவ்விரவிலேயே அல்லது மறுநாட்காலையில் நூற்றுக்கணக்கான மைல்களைக் கடந்து அடுத்த ஊரை அடைந்து, அங்கும் இரவில் ஆட வேண்டும். ஆடுதரையையும் உடன் கொண்டு செல்வர். பெரிய கித்தான் விரிப்பு ஒன்றைச் சுருட்டி லாரியில் ஏற்றிச் சென்று, அரங்கத்தின் மரத்தரையின் மேலோ பனிச்சறுக்குத் தரையின் மேலோ விரித்து இழுத்துக் கட்டுவர். அதன் மேல், விளக்கொளியில், அதே எதிரியுடன் மீண்டும் மீண்டும் ஆட்டம். உடல் நலமில்லையென்று ஓய்வெடுக்க இயலாது, சீட்டு விற்றாகிவிட்டது. மாதக்கணக்கில் இதுவே வாழ்வு.

இச்சூழ்நிலையிலும் வைன்ஸின் கலை முதிர்ந்தது. முன்னர் இருந்த நிலையின்மை குறைந்தது. இலண்டனை அடுத்த வெம்பிளியில் நடந்த தொழில்முறைப் பந்தயத்தில் 1934, 1935, 1936 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் இவரே வென்றார். விம்பிள்டனை மூன்று முறை தொடர்ந்து வென்ற பெர்ரி 1936-ன் இறுதியில் தொழில்முறையில் சேர்ந்தார். 1937 ஜனவரியில் மாடிஸன் ஸ்குயர் கார்டனில் இருவரும் எதிர்த்தபோது திரண்ட கூட்டம் 17,000-க்கு மேற்பட்டது. அன்று பெர்ரி வென்றாராயினும், அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின் முடிவில் வைன்ஸ் 32, பெர்ரி 29 என்று கணக்கு நின்றது. 1938-ல் வைன்ஸ் 49, பெர்ரி 35. இரவுதோறும் எதிரிகளாய் நின்ற இவ்விருவரும் பகலில் கூட்டாளிகளாய்ப் பெவர்லி ஹில்ஸ் நகரத்து டென்னிஸ் மன்றத்தைச் சேர்ந்து வாங்கி நடத்தினர். போட்டி வேறு, பகைமை வேறு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

மட்டையை வைத்தலும் புதுத்தொழிலும்

1939-ல் டான் பட்ஜ் தொழில்முறைக்கு வந்தார். முந்திய ஆண்டில் உலகின் நான்கு பெரும் பந்தயங்களையும் ஒரே ஆண்டில் வென்ற முதல் வீரர் அவர். அவ்விருவரின் சுற்றுப்பயணத்தில் பட்ஜே சிறிதளவு மிஞ்சினார். அவ்வாண்டு அக்டோபரில் அமெரிக்கத் தொழில்முறைப் பந்தயத்தின் இறுதியில் பெர்ரியை 8-6, 6-8, 6-1, 20-18 என்று வென்றதே வைன்ஸின் கடைசிப் பெருவெற்றி. அதன்பின் டென்னிஸில் இவர் உள்ளம் செல்லவில்லை. ஓயாப் பயணத்தினால் உடல் அலுத்தது. ஒரே ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆடியதால் மனமும் சலித்தது. வேறொருவராயின் பழம்புகழைக் காட்டி இன்னும் சில ஆண்டுகள் பணம் ஈட்டியிருப்பார்.

வைன்ஸ் கோல்ப் விளையாட்டிற்குத் திரும்பினார். பெரிய பந்தை அடித்துப் பெயர் பெற்ற கைகள் சிறிய பந்தை அடிக்கப் பழகின. 1942-ல் அவ்விளையாட்டிலும் தொழில்முறை ஆட்டக்காரரானார். ஒரு கலையில் உலக முதல்வராய் இருந்தவர் மற்றொரு கலையில் தொடக்கக்காரராய் வரிசையின் கடைசியில் நிற்க நாணவில்லை. பொறுமையுடன் உழைத்து, 1951-ம் ஆண்டு அமெரிக்கத் தொழில்முறை கோல்ப் சாம்பியன் பட்டப் பந்தயத்தில் அரையிறுதிவரை வந்தார். அப்போது வயது முப்பத்தொன்பது. இரு விளையாட்டுகளில் இத்தகைய உயர்வெய்தியோர் உலகில் மிகச் சிலரே. 1962-ல் டென்னிஸ் புகழ்க்கூடத்தில் இவர் பெயர் சேர்க்கப்பெற்றது. 1978-ல் டென்னிஸ் கலையைப் பற்றி மற்றொருவருடன் சேர்ந்து ஒரு நூலும் வெளியிட்டார். 1994-ம் ஆண்டு மார்ச் மாதம் 17-ம் தேதி, எண்பத்திரண்டாம் வயதில், கலிபோர்னியாவிலேயே காலமானார்.

ஒரு விளக்கிலிருந்து மற்றொரு விளக்கு

வைன்ஸின் வாழ்வு நம் நாட்டையும் ஒருவகையில் தொட்டது. அச்செய்தியைக் கூறாமல் இச்சரிதையை முடித்தல் ஆகாது.

தொழில்முறை ஆட்டக்காரராய் ஊர் ஊராய்ச் சென்ற நாட்களில், கலிபோர்னியாவின் பொமோனா என்னுமிடத்தில் நடந்த பொருட்காட்சியில் வைன்ஸ் ஆடினார். தூய வெள்ளை நீள்கால்சட்டை அணிந்து அவர் ஆடிய அழகைக் கண்ட கூட்டத்தில் ஜாக் கிரேமர் என்னும் சிறுவன் ஒருவன் இருந்தான். அன்றே டென்னிஸ் தன் வாழ்வென்று அவன் உறுதி கொண்டான். பின்னர் 1947-ல் விம்பிள்டனை வென்ற அக்கிரேமர், தாமும் தொழில்முறையிற் சேர்ந்து, பின்னாளில் அதன் தலைவராயும் அமைப்பாளராயும் விளங்கினார். தம் காலத்து வீரர் பலரையும் அறிந்த அவர், தம் சிறந்த நாளில் ஆடிய வைன்ஸுக்கு நிகர் எவருமில்லை என்றே இறுதிவரை கருதினார்.

இந்தக் கிரேமரே 1959-ல் சென்னை லயோலா கலாசாலையில் பயின்ற நம் ராமநாதன் கிருஷ்ணனைத் தம் தொழில்முறைக் குழுவிற்கு அழைத்தார். மூன்றாண்டுகளுக்கு ஒன்றரை லட்சம் டாலர் என்பது அவர் கூறிய தொகை. அக்காலத்தில் அஃது எண்ணிப் பார்க்கவும் அரிய பெருந்தொகை. கிருஷ்ணன் அதனை ஏற்கவில்லை. அமெச்சூராகவே நின்று 1960, 1961 ஆகிய இரண்டாண்டுகளிலும் விம்பிள்டன் அரையிறுதிவரை சென்றார்; 1966-ல் இந்தியா டேவிஸ் கோப்பையின் இறுதிச் சுற்றை முதன்முறையாய் அடைந்தபோது அவ்வணியின் தூணாய் விளங்கினார்.

ஒருவர் ஏற்றார், மற்றொருவர் மறுத்தார். இவருள் யார் செய்தது சரி என்று தீர்ப்புக் கூற நாம் முற்படவில்லை. இருவரும் தத்தம் நிலையை நன்கு ஆராய்ந்து, இழப்பது இன்னதென அறிந்தே முடிவு செய்தனர். முடிவு செய்தபின் மனம் கலங்காது அவ்வழியே சென்றனர். பிழை அவ்விருவரிடத்தும் இல்லை. திறமையுடைய இளைஞனை நாட்டிற்கு ஆடுவதா, உழைப்பிற்கு ஊதியம் பெறுவதா என்று இரண்டில் ஒன்றையே கொள்ளும்படி வற்புறுத்திய விதியினிடத்தேதான் பிழை இருந்தது. அவ்விதி 1968-ல் நீக்கப்பட்டது. அவ்வாண்டு முதல் அமெச்சூர்களும் தொழில்முறையினரும் ஒரே பந்தயத்தில் ஆடலாயினர். வைன்ஸ் கையெழுத்திட்டு முப்பத்தைந்து ஆண்டுகள் கழிந்தபின் வந்தது அந்த நீதி. அதன்பின் வந்த விஜய் அமிர்தராஜ் முதலியோர்க்கு, நாட்டிற்காக ஆடுவதும் ஆட்டத்தால் பொருளீட்டுவதும் ஒன்றையொன்று தடுக்கவில்லை.

முடிவுரை

இனி, முதலில் எழுப்பிய வினாவிற்கு வருவோம். விளையாட்டைத் தொழிலாய்க் கொள்ளுதல் தகுமா? தன் கைத்திறனால் நேர்மையாய் ஈட்டும் பொருளில் இழுக்கு ஒன்றுமில்லை. நாதசுரக் கலைஞனும் சிற்பியும் தம் கலைக்கு ஊதியம் பெறுகின்றனர். அதனால் கலை குறைவுபடுவதில்லை. ஆயின் அத்தொழிலில் இளமையே முதல். மற்றத் தொழில்களில் அனுபவம் பெருகப் பெருக ஊதியமும் மதிப்பும் பெருகும். விளையாட்டிலோ முப்பது வயதில் முதல் கரையத் தொடங்கிவிடும். அந்நாள் வருமென முன்னரே உணர்ந்து, வந்தபோது வருந்தாது விலகி, வேறொன்றைத் தொடக்கத்திலிருந்து கற்கும் துணிவுடையவனே அத்தொழிலில் இறங்கத் தக்கவன். வைன்ஸிடம் அத்துணிவு இருந்தது. இவர் வென்ற கோப்பைகளினும் இத்துணிவையே நாம் பெரிதெனக் கருதுகின்றோம்.

மாணவ நண்பர்களே, உங்களுள் விளையாட்டில் வல்லவர் பலர் இருக்கலாம். உங்கள் பெற்றோர் கவலையுடன் வினவும்போது சினங்கொள்ளற்க. அவர் வினவுவது நியாயமான வினாவே. அதற்கு விடை ஆட்டத்தின் வெற்றியில் மட்டும் இல்லை; ஆட்டம் முடிந்த மறுநாட்காலையில் என்ன செய்யப்போகிறீர்கள் என்பதில் இருக்கிறது. அவ்விடையை ஆயத்தமாய் வைத்துக்கொண்டு, மாலை நான்கு மணிக்கு மட்டையை எடுத்து மகிழ்ச்சியுடன் மைதானம் செல்வீர்களாக.